அது அப்படித்தான் சொட்டும்

ஏரிக்கரை மைதானத்தில் முட்டுக்கட்டைகளின் மேல் நிறுத்தியிருந்த படகிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்டிய தண்ணீர் நேராகக் குழாய்க்காரரின் வலது கால் ஷூவின் மேல் விழுந்தது.

காலை நகர்த்திக்கொண்டார். நகர்த்திய இடத்திலும் ஒன்று விழுந்தது. குனிந்து படகின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். பலகைகள் ஒன்றோடொன்று சேரும் இடுக்குகளில் பதினெட்டு இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. எண்ணச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை. ஆனால் முப்பது வருஷமாக அடுத்தவர் வீட்டுக் குழாய்களைப் பழுது பார்த்துப் பிழைக்கிற ஆளுக்கு, சொட்டுகிற எதையும் எண்ணாமல் விட முடியாது.

நிமிர்ந்து உள்ளே எட்டிப் பார்த்தார். உட்காரும் பலகை வரைக்கும் தண்ணீர் நின்றது. அதற்கு மேல் நனைந்த சாக்குகளைப் போர்த்தி, ஓர் அட்டையையும் வைத்திருந்தார்கள். அசிங்கத்தை மூடி மறைக்கிறார்கள் என்று அவருக்குப் பட்டது.

"கட்டின லட்சணம் இது," என்றார் சத்தமாக. சொல்லிவிட்டுச் சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

நல்லவேளை, மனைவி அங்கே இல்லை. எந்தப் படகு எந்த வரிசையில் ஏரியில் இறங்க வேண்டும் என்று போட்டி நடுவர்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டு, விதிகளையும் விளக்குகிறார்களாம். அதற்காகத் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு மைதானத்தின் அந்தக் கோடிக்குப் போயிருந்தாள். போகும்போது மூன்று உத்தரவு போட்டுவிட்டுத்தான் போனாள். இங்கேயே நிற்க வேண்டும். எதையும் தொடக் கூடாது. யாரிடமும் கோபப்படக் கூடாது.

"நான் எப்ப கோபப்பட்டேன்?" என்று அவர் கோபமாகக் கேட்டார்.

"இன்னிக்கு இங்க உங்க சத்தம் கேட்டுச்சுன்னா, நேரா தம்பி வீட்டுக்குப் போயிடுவேன். எப்ப வருவேன்னு கேக்கக் கூடாது."

சொன்னால் செய்கிறவள். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, அதைச் சரி செய்கிற வரைக்கும் அடுப்பு மூட்ட மாட்டேன் என்று ஒரு தடவை சொன்னாள். ஊரிலேயே பேர் பெற்ற குழாய்க்காரர் ஒன்பது நாள் ரொட்டி தின்றார். பத்தாவது நாள் அந்தக் குழாய்க்குக் கீழே ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தார். அதைச் சமாதானம் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். குழாய் இன்னமும் ஒழுகுகிறது. வெளியூர்க்காரர்கள் கேட்டால், அது அப்படித்தான் சொட்டும் என்று சொல்வார்.

இந்தப் படகின் மேல் அவருக்கு இரண்டு வருஷக் கோபம். மச்சான் மேசை நாற்காலிகளைப் பழுது பார்க்கிறவன். அவனுடைய கொட்டகையில்தான் இது உருவானது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், மனைவி சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். திரும்பி வரும்போது கையெல்லாம் வார்னிஷ், நகமெல்லாம் கறுப்பு. சொந்த அக்காவை உட்கார வைத்து மரம் தேய்க்க விடுகிறானே, இவனெல்லாம் ஒரு தம்பியா என்று குழாய்க்காரர் பல்லைக் கடிப்பார். போதாக்குறைக்கு அவருடைய கருவிப்பெட்டியிலிருந்து, திருகி இறுக்கிப் பிடிக்கிற இரும்புக் கிளாம்புகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. மொத்தம் பதினொன்று.

"உன் தம்பி கை வெச்சுட்டான்," என்றார் ஒருநாள்.

"அது வந்து... உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்று மனைவி ஆரம்பித்தாள்.

"அவனுக்கு வக்காலத்து வாங்காத," என்று அவர் முடித்துவிட்டார்.

அதற்குப் பிறகும் இரண்டு தடவை, "ஒண்ணு சொல்லணும்" என்று அவள் வாயைத் திறந்தாள். இரண்டு தடவையும் அவருடைய கோபம் முந்திக்கொண்டது.

ஆறு மாதம் முன்பு உறவுக்காரர்கள் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தபோது பேச்சு படகைப் பற்றி வந்தது. "இதைக் கட்டினவனுக்கு மூளைன்னு ஒண்ணு இருந்தா, ஒரு கட்டிலைச் செஞ்சிருப்பான். படுக்கவாவது ஆகும்," என்றார் குழாய்க்காரர். எல்லாரும் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை. மனைவி எட்டு நாள் அவரோடு பேசவில்லை. தம்பியை ஒரு சொல் சொன்னதற்கே இவ்வளவு ரோஷமா என்று அதற்கும் அவர் கோபப்பட்டார்.

சொட்டு அவருடைய இடது ஷூவின் மேலும் விழுந்தது.

பக்கத்தில் ஒரு சின்னத் துடுப்புப் படகுக்கு முன்னால், அதைச் செய்தவர் மடக்கு நாற்காலியில் சாய்ந்து, பெரிய தொப்பியை முகத்தின் மேல் கவிழ்த்துக்கொண்டு கிடந்தார். குழாய்க்காரர் அவரை எழுப்பி, இந்தப் படகு இப்படி ஒழுகுகிறதே, பார்த்தீர்களா என்று கேட்டார்.

தொப்பிக்காரர் தொப்பியை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். "அது அப்படித்தான் சொட்டும்," என்று சொல்லிவிட்டுத் தொப்பியை இறக்கிக்கொண்டார்.

குழாய்க்காரருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வேலை தெரியாதவன் சொல்கிற பேச்சு இது. தன் வீட்டுக் குழாயைப் பற்றித் தானும் இதைத்தான் சொல்வது அப்போது அவர் நினைவுக்கு வரவில்லை.

மூன்று மணியிலிருந்து படகுகளை ஏரியில் விடுவார்கள். ஆள் ஏறாமல் கால் மணி நேரம் அது மிதக்க வேண்டும். மிதந்தால், கட்டியவர் ஏறி, ஏரிக்கு நடுவில் கட்டியிருக்கிற சிவப்புப் பீப்பாய் வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்ப வேண்டும். இதுதான் போட்டி. கரையில் நிற்கும்போதே பதினெட்டு இடத்தில் ஒழுகுகிற படகு எங்கே மிதக்கப்போகிறது?

மூழ்கட்டுமே என்று முதலில் நினைத்தார். மச்சான் முகம் போகிற போக்கை முன்வரிசையில் நின்று பார்க்கலாம். ஆனால் காலையில் வேனில் வரும்போது மனைவி வழியெல்லாம் விரலைப் பிசைந்துகொண்டே வந்தாள். ஏரி கண்ணில் பட்டதும், "இது மிதந்துடணும்ங்க. எனக்கு வேற எதுவும் வேண்டாம்," என்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அவரிடம் எதையுமே இப்படிக் கேட்டதில்லை. படகு மூழ்கினால் அவள் உடைந்துபோவாள். அவர் வாய்தான் பலித்தது என்று உறவு முழுக்கப் பேசும்.

சரி, இந்தத் தண்டத்தை நாமே சரி செய்துவிடுவோம் என்று முடிவெடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக மச்சானுக்கு ஒரு நல்லது செய்யப் போகிறார். அதையும் கோபத்தோடுதான் செய்தார்.

வேனிலிருந்து வாளியை எடுத்து வந்தார். சாக்குகளைப் பிடுங்கி எறிந்தார். தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றினார். அடியில் வாளிக்கு எட்டாமல் கொஞ்சம் நின்றது. சாக்கின் மேல் கிடந்த அட்டையை, அதில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் இரண்டாக மடித்து, அதனால் வழித்து எடுத்தார். வேலை சுத்தமாக முடிந்தது.

ஆனால் தரை சரிவாக இருந்தது. ஊற்றிய தண்ணீர் ஓடிப்போய், பத்தடி தள்ளிப் பதிவு மேசைக்கு அடியில் வைத்திருந்த காகிதப் பெட்டியில் புகுந்துவிட்டது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார். பதற்றத்தில் எழுந்தபோது பதிவேட்டையும் தட்டிவிட்டார், அதுவும் சேற்றில் குப்புற விழுந்தது.

"கண்ணு தெரியலையா சார்?"

"பள்ளத்துல மேசையைப் போட்டுட்டு என்னைக் கேக்கறீங்களே. தண்ணி மேட்டுக்கா ஏறும்?"

இப்படித் தொடங்கிய பேச்சு சிறிது நேரத்தில் நாலு படகுக்காரர்களைக் கூட்டிவிட்டது. கண்ணாடியம்மாள் ஈரமான தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் துணிக்கொடியில் போடுவதுபோல நாற்காலி முதுகுகளில் போட்டார். "இந்தப் படகுக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டார்.

"எனக்கு வேண்டாத படகு," என்று சொல்லிவிட்டுக் குழாய்க்காரர் திரும்பி நடந்தார். மனைவிக்குச் சத்தம் கேட்டிருக்குமோ என்ற பயம் வேறு.

அடுத்து ஈரத்தைப் போக்க வேண்டும். ஈர மரத்தில் பசை நிற்காது, அது அவருக்குத் தெரியும். மைதானத்து ஓரத்தில் கடை போட்டு வார்னிஷ் விற்கிறவரிடம் கெஞ்சாமல், மிரட்டாத குறையாக, சூட்டுக்காற்று மெஷின் ஒன்றை இரவல் வாங்கி வந்தார். ஒரு மணி நேரம் படகைச் சுற்றிச் சுற்றி வந்து காற்றை அடித்தார். வெயிலும் கூடவே ஒத்துழைத்தது. சொட்டு அடியோடு நின்றுபோயிற்று. பலகைகள் வெளுத்து, 'டக்', 'டக்' என்று சத்தம் போட ஆரம்பித்தன.

தொப்பிக்காரர் விழித்துக்கொண்டார். "மரம் கத்துது," என்றார்.

"காயுதுல்ல, அதான்," என்றார் குழாய்க்காரர் பெருமையாக.

தொப்பிக்காரர் படகைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு, கோபக்காரனிடம் எதற்கு வம்பு என்று நினைத்தாரோ என்னவோ, மறுபடி தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டார்.

இப்போது புதிதாக ஒரு சங்கடம். இடுக்குகள் அகன்றுவிட்டன. படகுக்குள் தலையை விட்டுப் பார்த்தால், பலகைச் சந்து வழியாக வெளியே தொப்பிக்காரரின் கோடு போட்ட காலுறை தெரிந்தது. இரண்டு காலுறையும் தெரிந்தது. இது படகா, சல்லடையா? ரெண்டு வருஷம் என்ன பிடுங்கினான் இவன்? குழாய்க்காரர் வேனுக்குப் போய்க் கருவிப்பெட்டியை எடுத்து வந்தார். குழாய் மூட்டுகளுக்கு வைக்கிற வெள்ளைப் பசையில் மூன்று டியூபை முழுசாகப் பிதுக்கி இடுக்குகளில் திணித்தார். எவ்வளவு திணித்தாலும் வாங்கிக்கொண்டே இருந்தன. பசை தீர்ந்ததும் வெள்ளை டேப்பை எடுத்து, கண்ணாடி மாதிரி மெருகேற்றிய மரத்தின் மேல் நீளநீளமாக ஒட்டினார். ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வீட்டுக்கு அனுப்பிய நோயாளி மாதிரி ஆகிவிட்டது படகு.

அப்போதுதான் படகின் விளிம்பில் அந்தக் கிளாம்புகளைக் கண்டார். இரண்டு. அவருடையவைதான், கைப்பிடியில் அவர் வைத்த சிவப்புப் புள்ளி அப்படியே இருந்தது.

திருடிய பொருளைக் கொண்டுவந்து கண்காட்சியில் வேறு வைக்கிறானே என்று கொதித்துப்போய், இரண்டையும் திருகிக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். விளிம்பில் புதிதாகப் பசை போட்டு ஒட்டி, காய்வதற்காக அவற்றால் இறுக்கி வைத்திருந்த மெல்லிய மரச்சட்டம் 'பட்' என்று தெறித்து நிமிர்ந்து, தொப்பிக்காரரின் தொப்பியைத் தட்டிக்கொண்டு போயிற்று. குழாய்க்காரர் அதை வளைத்துப் பிடித்து ஆறு ஆணி அடித்தார். முதல் ஐந்தும் மரத்தைப் பிளந்தன. ஆறாவது நின்றது.

ஒலிபெருக்கியில் படகின் எண்ணைக் கூப்பிட்டார்கள். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்ட நாலு பேர் வந்து, ஆளுக்கொரு மூலையில் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஏரிக்கு நடந்தார்கள். குழாய்க்காரர் கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் போனார். பெண்ணைக் கட்டிக்கொடுத்த தகப்பன் மாதிரி ஒரு நிம்மதி அவருக்கு.

மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து மனைவி ஓடி வந்தாள். காலையில் அவள் செருப்பை விட்டுவிட்டு ரப்பர் அடி வைத்த துணி ஷூவை மாட்டியபோது, வேடிக்கை பார்க்கப் போகிறவளுக்கு இது எதற்கு என்று அவர் கேலி செய்திருந்தார். இப்போது அது ஓட உதவியது. மச்சான் மூச்சு வாங்கப் பின்னால் வந்தான்.

"தண்ணி எங்கங்க?" என்றாள் மனைவி. அவள் கண் படகை விட்டு அகலவில்லை.

"கடைசிச் சொட்டு வரைக்கும் எடுத்துட்டேன்."

அவள் முகம் வெளுத்ததை அவர் பார்த்தார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று எடுத்துக்கொண்டார். அவள் அவரைத் தாண்டி ஓடி, நிறுத்துங்கள் என்று கையைக் காட்டினாள். அந்த நாலு பேரும் அதற்குள் படகை ஏரியில் இறக்கிவிட்டார்கள். ஒரு நடுவர் கடிகாரத்தைப் பார்த்துப் பொத்தானை அமுக்கினார்.

முதல் நிமிஷம் படகு அழகாக மிதந்தது. குழாய்க்காரர் கை தட்டினார். மூன்றாவது நிமிஷம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஐந்தாவது நிமிஷம் வெள்ளை டேப்புகள் ஒவ்வொன்றாகக் கழன்று தண்ணீரில் நெளிந்தன. ஏழாவது நிமிஷம், வேலை முடிந்து களைத்து வந்தவன் நாற்காலியில் உட்காருவதுபோல, படகு மெதுவாக, யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல், அடித்தரையில் போய் உட்கார்ந்தது.

கூட்டம் உச்சுக் கொட்டியது. சிரித்திருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அவர் மச்சான் மேல் பாய்ந்தார். ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி கத்தினார். தான் பதினெட்டு ஒழுக்கை எண்ணியதையும், ஒண்டி ஆளாக இரண்டு மணி நேரம் வெயிலில் மாரடித்ததையும், கிளாம்புத் திருட்டையும், அக்காவின் உழைப்பைச் சுரண்டியதையும், வரிசையாக எடுத்து விட்டார். இப்படிப்பட்ட ஒரு படகைக் கட்டிய கைக்கு விலங்கு மாட்ட வேண்டும் என்று முடித்தார்.

மச்சான் படகு நின்ற இடத்துக்குப் போய், கீழே கிடந்த அட்டையை எடுத்து வந்து விரித்துக் காட்டினான். அவர் தண்ணீர் வழித்த அட்டைதான். எழுத்தெல்லாம் கரைந்து ஓடி, 'வேண்டாம்' என்ற ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சமிருந்தது.

"தண்ணியை எடுக்க வேண்டாம்னு எழுதியிருந்தது அத்தான். ரெண்டு நாள் லாரியில வெயில்ல கிடந்துச்சு, மரம் காஞ்சு சுருங்கிப் போச்சு. உள்ள தண்ணி நிறுத்தி வெச்சா மரம் குடிச்சு ஊதும். ஊதினா இடுக்கு தானா மூடிக்கும். மரப்படகு கட்டுற எல்லாரும் இதைத்தான் செய்வாங்க."

"ஒழுகிச்சேடா. பதினெட்டு இடத்துல."

"காலையில நாப்பது இடத்துல சொட்டிச்சு அத்தான். நீங்க பாக்கும்போது பதினெட்டு. மூணு மணிக்கு ஒண்ணுகூட இருந்திருக்காது."

குழாய்க்காரர் தொப்பிக்காரரைத் தேடித் திரும்பினார். அவரும் கரைக்கு வந்திருந்தார், தொப்பியில் ஒரு பள்ளத்தோடு. "உங்களுக்குத் தெரியும்ல? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே," என்றார் தொப்பிக்காரர். "அப்படித்தான் சொட்டும்னு."

குழாய்க்காரருக்கு அப்போதும் கோபம் இருந்தது. ஆனால் அதை இறக்கி வைக்க இடம்தான் கிடைக்கவில்லை. ஏரியைப் பார்த்தார். மனைவி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மூழ்கிய படகின் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டி நின்றாள். தோள் குலுங்கியது. தம்பிக்காக இப்படி அழுகிறாளே என்று நினைத்தார். அவள் கேட்ட ஒன்றே ஒன்றைத்தானே கெடுத்திருக்கிறோம்.

அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. கல்யாணத்தன்று மாமனாரின் காலை மிதித்தபோதுகூட, காலை ஏன் அங்கே வைத்தீர்கள் என்றுதான் கேட்டார். அப்பேர்ப்பட்ட மனிதர் இப்போது நூறு பேருக்கு முன்னால் மச்சானின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தப்பு என்னுதுதான் மச்சான். ரெண்டு வருஷ உழைப்பை ரெண்டு மணி நேரத்துல கெடுத்துட்டேன். கட்டினவனுக்கு மூளை இல்லைன்னு அன்னிக்குச் சொன்னேன், அதையும் வாபஸ் வாங்கிக்கிறேன். என்னை மன்னிச்சுடு."

மச்சான் நெளிந்தான். "அத்தான், இதை என்கிட்ட எதுக்கு..."

"குறுக்க பேசாத. கேக்கும்போதே வாங்கிக்க. இன்னொரு தடவை வராது."

சொல்லி முடித்ததும் அவருக்குக் கண் கலங்கியது. மனசு லேசானதுபோல இருந்தது. மனைவிக்குக் கேட்டிருக்கும், இனி அவள் தம்பி வீட்டுக்குப் போக மாட்டாள் என்றுகூட ஒரு நம்பிக்கை வந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்து, கண்ணாடியம்மாள் சேறு படிந்த பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தார். மூழ்கிய படகென்றால் அதற்கும் ஒரு கையெழுத்து வேண்டுமாம். கழுத்துக் கண்ணாடியை எடுத்து மாட்டி, ஈரத்தில் ஒட்டிக்கொண்ட பக்கத்தை நகத்தால் பிரித்து, அதில் இருந்த பெயரைப் படித்தார். பிறகு குழாய்க்காரரை மேலும் கீழும் பார்த்தார்.

"மன்னிப்பெல்லாம் சரி சார், ஆளுதான் தப்பு. கட்டினவங்கன்னு இதுல கையெழுத்துப் போட்டிருக்கிறது, அதோ தண்ணியில நிக்கிற உங்க சம்சாரம்."